கற்றவழி நின்ற கிளார்க்சன்

மனிதராய்ப் பிறந்த ஒவ்வொருவர்க்கும் பிறப்போடு வந்த உரிமைகள் சில உண்டு. அச்சமின்றி உயிர் வாழ்தல், தம் உடலுக்கும் உழைப்புக்கும் தாமே உரியராதல், குற்றம் செய்யாதபோது ஒறுக்கப்படாதிருத்தல் என்பன அவற்றுள் தலையாயவை. இவ்வுரிமைகளைப் பற்றிக் கற்போர் மூன்று துறைகளை நாடுவர். எது நேர்மை என்பதை மெய்யியல் ஆராயும். நாட்டில் எது செல்லும் என்பதைச் சட்டம் வரையறுக்கும். நேர்மையானதைச் செல்லுபடியாக்கும் வழியை அரசியல் காட்டும். இம்மூன்றனுள் ஒன்றைக் கற்றுப் புலமை பெற்றோர் பலர். மூன்றையும் ஒரு வாழ்க்கைக்குள் இணைத்து, கற்றதைக் கடைசிவரை செய்து காட்டியோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் இங்கிலாந்து நாட்டுத் தாமஸ் கிளார்க்சன்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் கீழ்ப்பகுதியில் கேம்பிரிட்ஜ் மாவட்டத்தைச் சேர்ந்தது விஸ்பெக் என்னும் சிறு நகரம். அந்நகரில் 1760 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 28 ஆம் நாள் கிளார்க்சன் பிறந்தார். அவர் தந்தையார் கிறித்தவ சமயகுரு. உள்ளூர்ப் பள்ளியின் தலைமையாசிரியராகவும் விளங்கினார். கிளார்க்சன் ஆறு வயதுச் சிறுவராய் இருந்தபோதே தந்தையார் இறந்தார். தாயாரின் பேணுதலில் வளர்ந்த மைந்தர், இலண்டனில் தூய பவுல் பள்ளியில் பயின்று, பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தூய யோவான் கல்லூரியில் சேர்ந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் செந்நிறத் தலைமயிரும் உடைய அவ்விளைஞர் கல்வியில் முந்தி நின்றார். தந்தையாரைப் போலவே சமயப்பணி ஆற்றி அமைதியாக வாழ்தலே அவர் குறிக்கோளாய் இருந்தது. ஆனால் ஒரு கட்டுரை அவர் வாழ்வின் போக்கையே மாற்றிவிட்டது.

கட்டுரைப் போட்டி

1785 ஆம் ஆண்டில் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் இருந்தவர் பீட்டர் பெக்கார்டு என்பவர். இலத்தீன் மொழிக் கட்டுரைப் போட்டிக்குப் பொருள் தருவது அவர் பொறுப்பு. மக்களை அவர்தம் விருப்பத்திற்கு மாறாக அடிமையாக்குதல் முறையாகுமா என்பதே அவர் தந்த பொருள். முந்திய ஆண்டிலும் இலத்தீன் கட்டுரைக்குப் பரிசு பெற்றிருந்த கிளார்க்சன், மீண்டும் பரிசு பெறும் வேட்கையோடு போட்டியில் புகுந்தார். அப்பொருளைப் பற்றி அதற்குமுன் அவர் எண்ணிப் பார்த்ததும் இல்லை.

அந்நாளில் இலிவர்ப்பூல், பிரிஸ்டல், இலண்டன் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் துணியும் துப்பாக்கியும் மதுவும் ஏற்றிக்கொண்டு மேலை ஆப்பிரிக்கக் கரைக்குச் செல்லும். அங்கே அப்பொருள்களைக் கொடுத்து ஆடவரையும் பெண்டிரையும் சிறுவரையும் விலைக்கு வாங்குவர். அவர்களை விலங்கிட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி, மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கக் கரையிலும் விற்பர். அவ்விலைப் பணத்திற்குச் சர்க்கரையும் பிற விளைபொருள்களும் வாங்கிக்கொண்டு இங்கிலாந்து மீள்வர். பல ஐரோப்பிய நாடுகள் ஈடுபட்ட இவ்வாணிகத்தில், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளில் 1 கோடியே 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்பது அறிஞர் கணிப்பு. அவர்களுள் பெருந்தொகையினர் கரை காணாமலே கடலில் மாண்டனர்.

கட்டுரை எழுத இரண்டு திங்களே இருந்தன. பிலடெல்பியா நகரத்து ஆசிரியர் அந்தோணி பெனசெட் இவ்வாணிகம் பற்றி எழுதிய நூல் கிளார்க்சனுக்குக் கிடைத்தது. அடிமை வாணிகத்தில் ஈடுபட்டு இறந்த ஒருவரின் தாள்களும் கிடைத்தன. மேற்கிந்தியத் தீவுகளில் பணிபுரிந்து திரும்பிய படைத்தலைவர்களையும் கண்டு வினவினார். படிக்கப் படிக்க அவர் உள்ளம் நடுங்கியது. பகலில் அமைதி இல்லை. இரவில் உறக்கம் இல்லை. படுக்கையருகே விளக்கை இரவெல்லாம் எரியவிட்டு, நள்ளிரவில் தோன்றும் கருத்துகளையும் எழுந்து எழுதிக்கொண்டார். புகழை நாடிப் புகுந்தவர் பிறர் துயரில் மூழ்கினார்.

மாந்தர் அனைவரும் இயற்கையில் உரிமையுடையவர். ஆட்சி என்பது மக்களின் இசைவால் அமைவது. ஆதலின் ஒருவரை மற்றவர் உடைமையாகக் கொள்ளுதல் இயற்கைக்கும் நேர்மைக்கும் முரணாவது. இதுவே அவர் கட்டுரையின் சாரம். கடத்திச் சென்றவரையும் போரில் பிடித்தவரையும் விற்பதற்கு வணிகர் கூறிய காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்தார். முதற்பரிசு அவருக்கே கிடைத்தது. பல்கலைக்கழக மன்றத்தில் கட்டுரையைப் படித்துப் பாராட்டுப் பெற்றார்.

சாலையோரத்தில் பிறந்த முடிவு

பரிசு பெற்றபின் கிளார்க்சன் குதிரையேறி இலண்டனுக்குப் புறப்பட்டார். வழிநெடுகக் கட்டுரைப் பொருளே அவர் நெஞ்சை அலைத்தது. எழுதியவை பொய்யாக இருத்தலாகாதா என்று அவர் உள்ளம் ஏங்கியது. ஆனால் சான்றுகள் பொய்யல்ல என்பதை அவர் அறிவார். வேட்ஸ்மில் என்னும் ஊரருகே குதிரையை விட்டிறங்கி, அதன் கடிவாளத்தைப் பற்றியபடி சாலையோரப் புல்தரையில் சோர்ந்து அமர்ந்தார். தாம் எழுதியது உண்மையாயின், யாரேனும் ஒருவர் இக்கொடுமைக்கு முடிவு காண முற்படவேண்டும் என்னும் எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது. அந்த ஒருவர் தாமே ஏன் ஆகக்கூடாது என்னும் வினா அதனைத் தொடர்ந்தது. அவ்வினாவை அவரால் விலக்க முடியவில்லை. அவர் அமர்ந்த இடத்தில் 1879 ஆம் ஆண்டு ஒரு நினைவுத்தூண் நாட்டப்பெற்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. கிளார்க்சன் தம் கட்டுரையை ஏட்டளவில் நிறுத்த விரும்பவில்லை. இலத்தீன் கற்றோர் சிலரே படித்தற்குரிய அதனைப் பெருக்கி, ஆங்கிலத்தில் 1786 ஆம் ஆண்டு வெளியிட்டார். சமயப்பதவியால் வரவிருந்த வாழ்வையும் கைவிட்டார்.

சட்டத்தின் இரு முகங்கள்

நேர்மை எது என்பதில் ஐயம் தீர்ந்தது. சட்டம் என்ன கூறுகிறது என்பது அடுத்த வினா. இத்துறையில் கிளார்க்சனுக்கு முன்பே உழைத்தவர் கிரான்வில் ஷார்ப் என்பவர். அவர் வழக்கறிஞர் அல்லர்; அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர். 1765 ஆம் ஆண்டில், உடைமையாளனால் அடிபட்டுத் தெருவில் விடப்பட்ட சோனத்தான் சிட்ராங் என்னும் ஆப்பிரிக்க இளைஞனுக்கு அவர் உதவினார். உடல் தேறிய அவ்விளைஞனை உடைமையாளன் மீண்டும் பிடித்து விற்க முயன்றபோது ஷார்ப் தடுத்தார். சட்டம் அவருக்குத் துணை நில்லாது என்று வழக்கறிஞர் கூறினர். அதனைக் கேட்ட ஷார்ப், சட்ட நூல்களைத் தாமே கற்கத் தொடங்கினார். அவருடைய உழைப்பின் பயனாகச் சேம்ஸ் சாமர்செட் என்பவரின் வழக்கில் 1772 ஆம் ஆண்டு தலைமை நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு தீர்ப்பு வழங்கினார். இங்கிலாந்தில் உள்ள அடிமை ஒருவரை வலிந்து வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்ல உடைமையாளருக்கு உரிமை இல்லை என்பது அத்தீர்ப்பு. சாமர்செட் விடுதலை பெற்றார்.

ஆனால் அதே சட்டம் கடலுக்கு அப்பால் வேறு முகம் காட்டியது. 1781 ஆம் ஆண்டில் சாங் என்னும் அடிமைக் கப்பலின் மாலுமிகள் 130 பேருக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கரை உயிரோடு கடலில் எறிந்தனர். அது கொலை வழக்காக நீதிமன்றம் ஏறவில்லை. இழந்த சரக்குக்கு ஈடு வேண்டும் என்று கப்பலுக்கு உரியவர் தொடுத்த காப்பீட்டு வழக்காகவே 1783 ஆம் ஆண்டில் ஏறியது. எவரும் கொலைக்குற்றத்திற்காகத் தண்டிக்கப்படவில்லை. ஒரே நாட்டின் சட்டம் ஒரு மனிதனை ஓரிடத்தில் மனிதன் என்றது. மற்றோரிடத்தில் சரக்கு என்றது. நீதிமன்றத்தால் மட்டும் இம்முரண்பாடு தீராது, சட்டம் இயற்றும் பாராளுமன்றமே தீர்க்கவேண்டும் என்பதைக் கிளார்க்சனும் அவர் நண்பரும் உணர்ந்தனர்.

1787 ஆம் ஆண்டு மே 22 ஆம் நாள் இலண்டனில் ஓர் அச்சகத்தில் பன்னிருவர் கூடி அடிமை வாணிக ஒழிப்புக் குழுவை அமைத்தனர். அவருள் ஒன்பதின்மர் குவேக்கர் என்னும் சமயப் பிரிவினர். ஷார்ப் தலைவரானார். வேரையும் கிளையையும் ஒருசேர வெட்ட இயலாது என்று கருதி, முதலில் வாணிகத்தை ஒழிப்பது என்று முடிவு செய்தனர். பாராளுமன்றத்தில் பேசுதற்கு வில்லியம் வில்பர்போர்ஸ் இசைந்தார். அவருக்கு வேண்டிய சான்றுகளைத் திரட்டும் பணி கிளார்க்சனுடையதாயிற்று.

சான்று தேடிய பயணம்

அடிமை வணிகர் செல்வாக்கு மிக்கவர். ஆப்பிரிக்கர் கப்பலில் இன்பமாகச் செல்கின்றனர் என்றும், இவ்வாணிகம் மாலுமிகளுக்குப் பயிற்சிக்களம் என்றும் அவர் கூறிவந்தனர். வெறுஞ் சொல்லால் இவற்றை வெல்ல முடியாது. கிளார்க்சன் பிரிஸ்டல், இலிவர்ப்பூல் முதலிய துறைமுகங்களுக்குச் சென்றார். இலிவர்ப்பூல் கடை ஒன்றில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் திருகு, உண்ண மறுப்போர் வாயை வலிந்து திறக்கும் கருவி ஆகியவை வெளிப்படையாக விற்கப்படுவதைக் கண்டு அவற்றை விலைக்கு வாங்கினார். இன்பப் பயணத்திற்கு இக்கருவிகள் எதற்கு என்று காண்போர் தாமே வினவுவர் அல்லரோ?

கப்பல் மாலுமிகளின் பெயர்ப் பதிவேடுகளை நாள்தோறும் புரட்டி, 20,000 பேருக்கு மேற்பட்டோரின் குறிப்புகளைத் தொகுத்தார். பிற வாணிகக் கப்பல்களில் இறப்போரைவிட அடிமைக் கப்பல்களில் இறக்கும் ஆங்கில மாலுமிகள் மிகப் பலர் என்பது அக்கணக்கால் புலப்பட்டது. வணிகரின் பயிற்சிக்களம் உண்மையில் இடுகாடு என்பதை எண்களே கூறின. இதனால் பகைவர் சினம் மூண்டது. இலிவர்ப்பூல் துறைமேடையில் ஒரு நாள் சிலர் அவரைச் சூழ்ந்து கடலில் தள்ள முயன்றனர். உடல் வலிமையால் அவர்களைப் பிளந்துகொண்டு உயிர் தப்பினார். ஆயினும் பணியை விட்டாரல்லர்.

கடத்தலும் கொள்ளையுமே அடிமைகளைத் தருகின்றன என்பதை மெய்ப்பிக்க, நேரிற் கண்ட சான்றாளர் ஒருவர் வேண்டியிருந்தார். ஆப்பிரிக்க ஆற்று வழியே இரவில் ஊர்களைச் சூறையாடச் சென்ற படகுகளில் உடன் சென்ற மாலுமி ஒருவர் உண்டு என்று மட்டும் தெரியவந்தது. அவர் பெயர் தெரியாது. எந்தக் கடற்படைக் கப்பலில் உள்ளார் என்பதும் தெரியாது. கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாகச் சென்று, நூற்றுக்கணக்கான கப்பல்களில் ஏறி இறங்கித் தேடினார். இறுதியில் பிளிமத் துறைமுகத்தில் அம்மாலுமியைக் கண்டார். அவரும் முன்வந்து சான்று கூறினார். ஓர் உண்மையை நிலைநாட்ட இத்துணை உழைப்பு வேண்டுமோ என்று தோன்றலாம். பல்லாயிரவர் உயிர் அவ்வுண்மையைச் சார்ந்திருந்தது என்பதைக் கிளார்க்சன் மறக்கவில்லை.

ஏழாண்டுகளில் அவர் ஏறத்தாழ 35,000 மைல் பயணம் செய்தார். செல்லுமிடமெல்லாம் ஒரு மரப்பெட்டியும் உடன் சென்றது. ஆப்பிரிக்க மக்கள் நெய்த துணி, தந்தம், மிளகு, உயர்ந்த மர வகைகள் முதலியவை அதனுள் இருந்தன. இத்துணைக் கைத்திறமும் வளமும் உடைய மக்களோடு நேர்மையான வாணிகம் செய்யலாமே என்பதை அப்பெட்டியால் விளக்கினார். அது விஸ்பெக் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. புரூக்ஸ் என்னும் கப்பலில் மக்கள் மீன்களைப் போல் நெருக்கி அடுக்கப்படும் முறையைக் காட்டும் படத்தையும் 1789 ஆம் ஆண்டில் ஒழிப்புக்குழு நாடெங்கும் பரப்பியது. பல பக்கங்கள் சொல்லமுடியாததை அந்த ஒரு படம் சொல்லிற்று.

மன்றத்தில் நடந்த போர்

இனி அரசியலின் பங்கைக் காண்போம். அக்காலத்தில் பெரும்பாலான மக்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பும் உரிமை இருந்தது. 1787 ஆம் ஆண்டின் இறுதியில் மான்செஸ்டர் நகரில் மட்டும் 10,000 பேருக்கு மேல் கையொப்பமிட்டனர். அடிமைகள் விளைத்த சர்க்கரையை உண்ணமாட்டோம் என்று பல இல்லங்களில் பெண்டிரும் சிறுவரும் உறுதி பூண்டனர். அவ்வாறு செய்தோர் 3 இலட்சம் பேர் இருக்கலாம் என்று கிளார்க்சன் கணித்தார். அடிமையாய் இருந்து தம் உழைப்பால் பொருள் சேர்த்துத் தம் விடுதலையைத் தாமே வாங்கிய ஒலாடா எக்குவியானோ, 1789 ஆம் ஆண்டில் தம் வரலாற்றை நூலாக்கி ஊர்தோறும் சென்று பரப்பினார். துன்புற்றவரே வாய்திறந்து பேசியபோது மறுப்போர் வாய் அடைத்தது. ஊர்கூடித் தேர் இழுத்தாற்போல இயக்கம் முன்னேறியது.

ஆனால் தேர் எளிதில் நிலைக்கு வரவில்லை. 1789 ஆம் ஆண்டு மே 12 ஆம் நாள் வில்பர்போர்ஸ் தம் முதற்பேருரையை நிகழ்த்தினார். 1791 ஆம் ஆண்டில் மக்களவை 163 வாக்குகளால் ஒழிப்பை மறுத்தது. ஆதரித்தவை 88 வாக்குகளே. 1792 ஆம் ஆண்டில் 519 விண்ணப்பங்கள் குவிந்தன. மக்களவை சிறிது சிறிதாக ஒழிக்கலாம் என்று இசைந்தது. பிரபுக்கள் அவையோ காலந்தாழ்த்தி அதனைக் கெடுத்தது.

1789 ஆம் ஆண்டில் கிளார்க்சன் பாரிசுக்கும் சென்றிருந்தார். மாந்தர் உரிமையில் ஒப்பானவர் என்று பிரெஞ்சு தேசிய மன்றம் அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் பறைசாற்றியிருந்தது. அம்மன்றம் அடிமை வாணிகத்தை உடனே ஒழிக்கும் என்று அவர் நம்பினார். ஆறு திங்களளவு தங்கி மிராபோ, லபாயெத் முதலிய தலைவர்களைக் கண்டார். வணிகரின் செல்வாக்குக்கு முன் அறிக்கையின் சொற்கள் வலுவிழந்தன. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட செயின்ட் டொமிங்குத் தீவின் அடிமைகள் 1791 ஆம் ஆண்டில் தாமே கிளர்ந்தெழுந்து போராடி, 1804 ஆம் ஆண்டில் ஹெய்ட்டி என்னும் விடுதலை நாட்டை அமைத்தனர். உரிமை பிறர் அளிக்கும் கொடையன்று என்பதை அவர்கள் உலகுக்கு உணர்த்தினர்.

தளர்வும் மீட்சியும்

1793 ஆம் ஆண்டில் பிரான்சுடன் போர் மூண்டது. சீர்திருத்தம் பேசுவோரெல்லாம் பகைவரின் நண்பர் என ஐயுறப்பட்டனர். இயக்கம் ஓய்ந்தது. இடைவிடா உழைப்பால் கிளார்க்சனின் உடல்நலம் குலைந்தது, கைப்பொருளும் கரைந்தது. 1794 ஆம் ஆண்டில் அவர் பணியினின்று விலகி, வடநாட்டு ஏரிப் பகுதியில் சிறு நிலம் வாங்கிப் பயிர்த்தொழில் செய்தார். 1796 ஆம் ஆண்டில் காதரின் பக் என்னும் நங்கையை மணந்தார். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் அவருக்கு நண்பரானார். எத்துணைப் பெரியாருக்கும் சோர்வு வருதல் இயல்பு. சோர்ந்தவர் மீண்டும் எழுதலே பெருமை. 1804 ஆம் ஆண்டில் இயக்கம் உயிர்த்தபோது கிளார்க்சன் திரும்பி வந்தார். மீண்டும் குதிரையேறிச் சான்றாளரைத் தேடிப் புறப்பட்டார்.

1807 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மக்களவை 283 வாக்குகளால் ஒழிப்பை ஏற்றது. எதிர்த்தவை 16 வாக்குகளே. மார்ச்சுத் திங்கள் 25 ஆம் நாள் மன்னரின் இசைவால் அது சட்டமாயிற்று. வேட்ஸ்மில் சாலையோரத்தில் பிறந்த எண்ணம் நிறைவேற இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. மறு ஆண்டு கிளார்க்சன் அவ்வியக்கத்தின் வரலாற்றை இரு தொகுதிகளாக வெளியிட்டார்.

எஞ்சிய கடன்

வாணிகம் ஒழிந்தது; அடிமை நிலை ஒழியவில்லை. 1823 ஆம் ஆண்டில் அதனை ஒழிக்கப் புதிய சங்கம் தோன்றியபோது கிளார்க்சனுக்கு வயது 63. முதுமையைப் பாராது மீண்டும் ஊர்தோறும் சென்று கிளைகள் அமைத்தார். 1831 ஆம் ஆண்டின் இறுதியில் சமெய்க்காத் தீவின் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்டது. எனினும் அடிமை முறை இனி நிலையாது என்பதை அது ஆட்சியாளருக்கு உணர்த்திற்று. 1833 ஆம் ஆண்டில் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1834 ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் சட்டப்படி அடிமை நிலையினின்று நீங்கினர்.

இங்கும் குறைகள் இருந்தன. உடைமையாளர்க்கு 2 கோடி பவுன் ஈடு வழங்கப்பட்டது. உழைத்தோர்க்கு ஒரு காசும் வழங்கப்படவில்லை. தொழில் பயில்வோர் என்னும் பெயரால் அவர்கள் 1838 ஆம் ஆண்டுவரை பழைய முதலாளிகளிடமே வேலை செய்ய நேர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளும் இலங்கையும் அச்சட்டத்திற்குப் புறம்பாக விடப்பட்டன. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843 ஆம் ஆண்டிலேயே பிறந்தது. அடிமைகள் நீங்கிய கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் என்னும் பெயரால் இந்தியர் கப்பலேற்றப்பட்டனர். மொரீசியசு முதலிய தீவுகளுக்குச் சென்ற அவருள் தமிழ்மக்களும் பலர். ஒரு கொடுமை ஒழிந்த இடத்தில் வேறு பெயரால் மற்றொன்று முளைத்தல் உண்டு. ஆதலின் உரிமைக் காவலுக்கு ஓய்வில்லை.

1840 ஆம் ஆண்டில் இலண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. எண்பது வயது நிரம்பிய கிளார்க்சன் அதற்குத் தலைமை தாங்கித் தொடங்கி வைத்தார். அவ்வுரிமை மாநாட்டிலேயே அமெரிக்காவிலிருந்து வந்த பெண் உறுப்பினர்க்கு இடம் மறுக்கப்பட்டது. அவ்விழிவை மறவாத பெண்டிர், 1848 ஆம் ஆண்டு செனிகா பால்ஸ் என்னும் ஊரில் பெண்ணுரிமை மாநாடு கூட்டினர். ஓர் உரிமைக்காகப் போராடுவோர் மற்றோர் உரிமையைக் காணத் தவறுதலும் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று.

1846 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 26 ஆம் நாள், தம் 86 ஆம் வயதில், சபோக் மாவட்டத்துப் பிளேபோர்டு என்னும் ஊரில் கிளார்க்சன் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் பதிக்க 1996 ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆனால் அவர் நாடிய அறத்திற்கு அதனினும் முன்பே உலகம் சிறப்புச் செய்தது. 1948 ஆம் ஆண்டு டிசம்பர் 10 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பேரவை ஏற்ற மனித உரிமைப் பேரறிக்கையின் நான்காம் உறுப்பு, அடிமை நிலையையும் அடிமை வாணிகத்தையும் எவ்வடிவிலும் விலக்குகிறது.

பரிசுக்காக எழுதிய கட்டுரையைப் பரிசோடு மறந்துவிடுதல் எளிது. கிளார்க்சனோடு அவ்வாண்டு எழுதிய பிறரும் அதே வினாவிற்குத்தான் விடை எழுதினர். அவர்களுக்கு அது தேர்வு வினா. கிளார்க்சனுக்கோ வாழ்க்கை வினா. மெய்யியல் அவருக்கு நேர்மையைக் காட்டியது. சட்டம் குறையைக் காட்டியது. அரசியல் வழியைக் காட்டியது. இம்மூன்றையும் இணைத்தது, கற்றபின் அதற்கேற்ப ஒழுகவேண்டும் என்னும் அவர் நெஞ்சுறுதியே. நாமும் நூல்களில் பல நல்ல விடைகளை எழுதுகிறோம். எழுதியது உண்மையாயின் அதற்குச் செய்யவேண்டியது யாது என்று ஒரு கணம் நின்று எண்ணுவோமாக.